நட்டின் மேல் ரோஸ் பாலிஷ்

அப்பு,

போன வாரம் நீ போனில் பேசியது நாலே வரி. "ஆவணியில கல்யாணம். திருச்சியிலதான் மண்டபம். ராசு சித்தப்பா முன்ன நின்னு எல்லாம் பார்க்குறாரு. வாங்க, ஆனா அந்தக் காருல மட்டும் வராதீங்க." நான் சரிப்பா என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாய். சின்ன வயதில் நீ என்னை வாப்பா, போப்பா என்றுதான் பேசுவாய். இந்த 'வாங்க' எந்த நாளில் வந்தது என்று எனக்குத் தெரியும். உன் தங்கச்சி மலர் செத்த மறுநாள் காலையில், "டீ குடிங்க" என்று ஒரு டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாயே, அன்றைக்கு வந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் தன் அப்பனுக்கு மரியாதை கொடுக்கத் தொடங்கினால் அப்பன் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டும். நான் பயந்தேன்.

உனக்குத் தனியாகத் தபாலில் போட்டால் நீ பிரிக்கமாட்டாய். முன்னே போட்ட இரண்டும் பிரிக்காமலேயே உன் அலமாரியில் கிடக்கின்றன என்று உன் அம்மா சொன்னாள். அதனால் இதை எல்லாரும் படிக்கிற மாதிரி பத்திரிகைக்கு எழுதுகிறேன். ராசு படிக்கட்டும். முதலாளி வீட்டில் யாராவது படித்தாலும் படிக்கட்டும். மற்றவன் வண்டியை ஓட்டிப் பிழைக்கிற எவனாவது படித்தால் இன்னும் நல்லது. எனக்கு இதில் போவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது உன் கல்யாணத்தில் நான் உட்காரப்போகிற ஒரு நாற்காலி. இதைப் படித்த பிறகு அதையும் நீ எடுத்துப் போட்டுவிடலாம். தெரிந்துதான் எழுதுகிறேன்.

மலருக்கு வைத்தியம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் அப்பனின் பயம் என்றுதான் நீ பதினாலு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். முதலாளிக்குப் பயந்து காரை எடுக்காமல் நின்ற கோழை என்று. உன் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். நான் மறுக்கவே இல்லை. ஏனென்றால் அந்தப் பொய் எனக்குச் சௌகரியமாக இருந்தது. நடந்தது அதைவிடக் கேவலம்.

அந்த அம்பாசிடர் குவாரி முதலாளியுடையது என்பது உனக்குத் தெரியும். அவர் புதுக்கோட்டையில் இருப்பார். குவாரிக் கணக்குப்பிள்ளையை ஏற்றி இறக்குவதற்காக, வாரத்தில் பாதி நாள் அந்தக் கார் நம் வீட்டு வாசலில்தான் நிற்கும். நிற்கும், அவ்வளவுதான். அதன் பின் சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். அதில் நீயோ மலரோ உன் அம்மாவோ ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. "உங்க தெரு ஆளுக யாரும் ஏறக்கூடாது பாத்துக்க" என்று முதல் நாளே சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். என் தெரு என்றால் என் பெண்டாட்டி பிள்ளையும் அதில்தான் சேர்த்தி. நானே தினமும் துடைக்கிற சீட்டு, என் பிள்ளை உட்கார்ந்தால் அழுக்காகிவிடும். இதை நான் அன்றைக்கு ஒரு நியாயமாகவே எடுத்துக்கொண்டேன் என்பதை எழுதும்போது இப்போது கை கூசுகிறது.

முதலாளியிடம் நாலு வண்டி, நாலு டிரைவர். சாயங்காலம் மீட்டரைப் பார்த்துக் கிலோமீட்டரை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டிரைவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு ஒரு கேபிள் வரும். சக்கரம் சுற்றினால் கேபிளுக்குள் இருக்கிற முறுக்குக் கம்பி சுற்றும், கம்பி சுற்றினால் முள் ஏறும், நம்பர் ஓடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு மீட்டரோடு கேபிள் சேர்கிற நட்டைக் கழற்றிவிட்டால், வண்டி ராமேஸ்வரம் போய்த் திரும்பினாலும் நம்பர் நகராது. சொந்தக்காரன் காதுகுத்து, ஆஸ்பத்திரி, கட்டுமாவடியில் மீன் வாங்கப் போவது என்று எல்லாரும் எப்போதாவது கழற்றினார்கள். நான் மட்டும் கழற்றியதில்லை. அதில் எனக்குப் பெருமை.

ஜீப் ஓட்டிய ராசு கழற்றினான். அவனுடைய ஆத்தாவுக்குக் கண் ஆபரேசன். இலுப்பூரிலிருந்து கூட்டிவர பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று ஜீப்பில் போய்வந்தான். டீசல் குறைந்ததைப் பார்த்துவிட்டு முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எவன்டா கழட்டுறான்? எப்புடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்றேன். நட்டும் மீட்டரும் சேர்கிற இடத்தில் ஒரு சொட்டு நகப் பாலிஷ் வைத்துவிட்டால் போதும், கழற்றினால் காய்ந்த பாலிஷ் உடைந்துவிடும், திரும்பப் பூட்டினாலும் கோடு சேராது என்றேன். இந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் சொந்த மூளை.

பாலிஷுக்கு நான் கடைக்குப் போகவில்லை. நார்த்தாமலைத் திருவிழாவில் மலருக்கு வாங்கிக்கொடுத்த ரோஸ் கலர் பாட்டில் வீட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு காரில் குனிந்தபோது அவள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"எதுக்குப்பா என் பாலிசு?"

"காருக்கு நகம் வளந்திருக்குடி."

"பொய்யி. அது என்ன பொம்பளப்புள்ளையா?" என்று சிரித்தாள். பிறகு பாட்டிலைப் பார்த்துக் கவலைப்பட்டாள். "கொஞ்சூண்டு வைப்பா. தீந்துரும்."

கொஞ்சூண்டுதான் வைத்தேன். நாலு வண்டிக்கும் வைத்தேன். என் வண்டியிலும் வைத்தேன், அதுதான் நேர்மை என்று. இரண்டு வாரத்தில் ராசுவின் ஜீப்பில் பாலிஷ் உடைந்திருந்தது. குவாரி ஷெட்டில் எல்லாரும் நிற்க, முதலாளி அவனிடம் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். "ஆத்தாவுக்குக் கண்ணுங்க முதலாளி. கட்டுப் பிரிக்கக் கூட்டியாந்தேன், ஒரு தடவதாங்க" என்றான் ராசு. "கேட்டியாடா? கேட்டா குடுத்திருக்க மாட்டனா?" என்றார் அவர். கேட்டவனுக்கு அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ராசு சாவியை வைத்தான். போகும்போது என்னைப் பார்த்து, "வாரேண்ணே" என்று மட்டும் சொன்னான். அவனுக்குத் தெரிந்திருந்தது. முதலாளி என் தோளில் கையைப் போட்டு மற்றவர்களிடம், "இவன மாதிரி இருங்கடா" என்றார். அப்பு, அந்தக் கை என் தோளில் இருந்தபோது எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்த வயது வரை என்னை அப்படித் தொட்ட பெரிய மனிதன் எவனும் இல்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் மலரைப் பாம்பு கடித்தது.

மதியம் மூன்று மணி இருக்கும். உன் அம்மா நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்குப் போயிருந்தாள். மலர் கடலைச் செடிக் குவியலில் கையை விட்டிருக்கிறாள். நல்ல பாம்பு. நீதான் பார்த்தாய், நீதான் கத்தினாய். நான் கையில் துணியைக் கட்டினேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், தூரத்தில் இன்னொரு இடத்தில் இருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். தெருவில் ஒரு வண்டி இல்லை, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வாசலில் கார் நின்றது. டாங்க்கில் டீசல் இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் முதலாளிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மலர் தூணில் சாய்ந்துகொண்டு, "அப்பா, கண்ணு தானா மூடிக்கிட்டு வருதுப்பா" என்றாள். நான் மறுபடியும் அடித்தேன்.

அப்போதுதான் நீ சொன்னாய். "அப்பா, மீட்டர் கேபிளக் கழட்டிருப்பா. யாருக்குத் தெரியப்போவுது?"

நான் உன்னை அறைந்தேன். உன் உதடு கிழிந்தது. திருட்டுப் புத்தி சொன்னதற்காக அப்பன் அறைந்தான் என்று நீ நினைத்தாய். இல்லை. கதவைத் திறந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் உன்னை அறைந்தேன். நான் காருக்குள் குனிந்ததை நீ பார்த்திருப்பாய், எதற்கு என்று தெரிந்திருக்காது. விரலில் அந்தப் பாலிஷ் தட்டுப்பட்டது. மலர் கொஞ்சூண்டு வைக்கச் சொன்ன பாலிஷ். காய்ந்து கல் மாதிரி இருந்தது. கழற்றாமல் ஓட்டினால் மீட்டர் காட்டிக்கொடுக்கும், பாலிஷை உடைத்தால் நாளைக்கு ஷெட்டில் ராசு நின்ற இடத்தில் நான் நிற்பேன். மற்ற டிரைவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். வேலை போய்விடும் என்று நான் பயப்படவில்லை அப்பு, சத்தியமாக. வேலை எங்கேயும் கிடைக்கும். என் தோளில் இருந்த அந்தக் கை எடுபட்டுவிடுமே என்று நினைத்தேன். கையை வெளியே எடுத்தேன். திரும்பினால் நீ நிற்கிறாய், நான் செய்ய வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. அதனால்தான் அறைந்தேன்.

நீ அழவில்லை. வாயில் ரத்தத்தோடு மெயின் ரோடு விலக்கு வரைக்கும் ஓடினாய். வேலை போனபிறகு லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ராசுவை மறித்துக் கூட்டிக்கொண்டு வந்தாய். அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. ராசு மூட்டைகளை ரோட்டோரம் தள்ளிவிட்டு வந்திருந்தான். என்னை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் நின்ற காரைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், "புள்ளயத் தூக்குண்ணே" என்றான். பின்னால் தகரத்தில் நான் மலரை மடியில் போட்டு உட்கார்ந்தேன். நீ அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே" என்றார். துணி போர்த்தும்போது அவள் கை வெளியே தெரிந்தது. நகத்தில் பாதி உரிந்துபோன ரோஸ்.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார். விஷயம் கேள்விப்பட்டு மிகவும் வருத்தப்பட்டார். "என்னடா மடப்பய மாதிரி? காரை எடுத்துட்டுப் போயிருக்க வேண்டியதுதானே? நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றார். இதைக் கேட்டபோது நீ பக்கத்தில் இருந்தாய். அவர் நல்லவர், நான்தான் கோழை என்று நீ முடிவு செய்ததும் அப்போதுதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீ தப்பு அப்பு. பிள்ளை செத்தபிறகு கார் கொடுக்க எந்த முதலாளியும் தயங்குவதில்லை. ராசுவிடமும் அதையேதான் சொன்னார், சாவியை வாங்கிக்கொண்ட பிறகு. அவர்கள் தருமம் எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் வரும். மறுநாள் மலரைக் கொண்டுபோக காரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். உன் அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். நாங்கள் தோளில்தான் கொண்டுபோனோம்.

இதுவரை சொன்னதையாவது என்றைக்காவது உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். இனிமேல் சொல்வதைச் சொல்ல நினைத்ததே இல்லை. மூன்றாம் நாள், மலரின் சாமான்களை உன் அம்மா ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். ரிப்பன், ஸ்லேட்டு, பாசிமணி. ஜன்னல் விளிம்பில் அந்தப் பாலிஷ் பாட்டில் இருந்தது. அதில் இன்னும் கால் பாகம் மீதி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உடைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, நட்டைப் பூட்டி, பழசைச் சுரண்டிவிட்டு, அதே பாட்டிலிலிருந்து அதே ரோஸில் ஒரு சொட்டு வைத்திருக்கலாம். ஒருத்தனுக்கும் தெரிந்திருக்காது. நாலு வண்டிக்கும் பூட்டுப் போட்டவன் நான், சாவி என் வீட்டு ஜன்னலில் இருந்தது. அந்த முக்கால் மணி நேரமும் அது எனக்குத் தோன்றவில்லை. திருட்டைக் கண்டுபிடிக்க அத்தனை வேகமாக ஓடிய மூளை, பிள்ளையைக் காப்பாற்ற ஓடவில்லை. பாட்டிலை எடுத்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். உன் அம்மா நினைவுக்காக வைத்திருக்கிறேன் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகும் எட்டு வருடம் அங்கேயே ஓட்டினேன். கார் கிழடானதும் முதலாளி அதை என் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். "ஒன் நேர்மைக்குடா" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்குத்தான் நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனாய். ஏன் வாங்கினேன் என்று அன்றைக்குக் கேட்டாய். இன்றைக்குச் சொல்கிறேன். வேறொருவன் வாங்கினால் என்றைக்காவது மெக்கானிக் கையை உள்ளே விட்டு அந்த நட்டைக் கழற்றுவான். அது என்னால் தாங்கக்கூடியதாக இல்லை.

இந்தச் சித்திரையில் மீட்டர் செத்துப்போனது. ஆறு மாதமாகவே முள் நடுங்கிக்கொண்டிருந்தது. உள்கம்பி எண்ணெய் இல்லாமல் காய்ந்துவிட்டது, கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் அறுந்துவிட்டது. புதுக்கோட்டை ஸ்பேர் கடையில் கேட்டால், "அம்பாசிடருக்கா? மியூசியத்துல போயிக் கேளுங்கண்ணே" என்று சிரிக்கிறான். கடைசியில் ஜீப் கேபிள் ஒன்றைக் கொடுத்தான். ஒரு சாண் நீளம் கூடுதல். நீ போன் செய்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் காரில் வராதே என்று சொன்ன பிறகு அதை ஏன் ரிப்பேர் செய்ய வேண்டும் என்று நீ கேட்கலாம். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

புதுக் கேபிளின் உள்கம்பியை உருவிப் பழைய உறைக்குள் விட்டுப் பார்த்தேன், தாராளமாகப் போனது. நீளம் அளந்து, வெட்டுகிற இடத்தில் ஈயம் பற்றவைத்தேன். இல்லையென்றால் இழை இழையாகப் பிரிந்துவிடும். வெட்டிய முனையை அம்மிக்கல்லில் வைத்து, நாலு பக்கமும் சுத்தியால் தட்டித் தட்டிச் சதுரமாக்கினேன். இரண்டு தடவை வீணாகி மூன்றாவது தடவை அமைந்தது. நல்லவேளை, ஒரு சாண் மீதி இருந்தது. உறையை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, கம்பிக்குக் கொஞ்சமாகக் கிரீஸ் தடவினேன். அதிகம் தடவினால் அது மேலே ஏறி மீட்டருக்குள் போய்விடும். கம்பெனி முனையைக் கியர்பாக்ஸில் சொருகினேன், கையால் செய்த முனை மீட்டர் பக்கம், அங்கே பாரம் குறைவு. ஆனால் இதெல்லாம் செய்வதற்கு முன்னால் பழைய கேபிளைக் கழற்ற வேண்டும் இல்லையா. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டேன். பதினாலு வருடத்தில் முதல் தடவை. பாலிஷ் அப்படியே இருந்தது. திருகினேன். சின்னதாக ஒரு சத்தம், முறுக்கு உடைகிற மாதிரி. விரலால் மூன்று சுற்று. நட்டு கையோடு வந்துவிட்டது. ஸ்பானர்கூடத் தேவைப்படவில்லை.

உனக்கு இதில் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாய், சொல்கிறேன். நீ ஓட்டுகிற வாடகைக் காரில் கேபிள் இல்லை. நீ எங்கே நிற்கிறாய், எவ்வளவு ஓடினாய் என்று எங்கேயோ உட்கார்ந்து ஒருவன் உன் வண்டியில் மாட்டியிருக்கிற போன் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஏறி இறங்குகிறவர்கள் உனக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள், எத்தனை என்று எண்ணி அம்மாவிடம் காட்டுகிறாயாம். அவள் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குத் தோளில் கை, உனக்கு நட்சத்திரம். ரோட்டில் ஒரு பிள்ளை கிடந்தால், உன் பிள்ளையோ ஊரான் பிள்ளையோ, அந்தப் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறி. யாரிடமும் கேட்காதே. நம்மிடம் மட்டும் எதற்கு இத்தனை நேர்மை கேட்கிறார்கள் என்று யோசி. உன்னைக் காட்டி, இவனைப் போல இருங்கள் என்று எவனாவது சொன்னால், அங்கே எந்த ராசு தலைகுனிந்து நிற்கிறான் என்று உடனே திரும்பிப் பார். உனக்குப் பிள்ளை பிறந்து, அது உன்னைவிடச் சரியாக ஒன்றைச் சொல்லும் நாள் வரும். அன்றைக்கு உன் கை ஓங்கினால் அதை நீயே பிடித்துக்கொள்.

ராசுவிடம் இதெல்லாம் உண்மையா என்று கேட்டுப் பார். அவன் வேறு பேச்சை எடுப்பான். நீ அவனிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோதும் சொல்லவில்லை, உன்னைத் தன் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டபோதும் சொல்லவில்லை. உன் கல்யாணத்தில் அப்பன் நிற்க வேண்டிய இடத்தில் அவனை நிறுத்து. இது கோபத்தில் சொல்வதில்லை. நான் பஸ்ஸில் வருகிறேன். இதைப் படித்தபிறகும் வரலாம் என்றால் ராசுவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. வேண்டாம் என்றால் ஒன்றும் சொல்லாதே, நான் புரிந்துகொள்வேன். தாலி கட்டுகிற நேரத்தில் இங்கே வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று மதியம் மூன்று மணிக்கு, கேபிளைப் பூட்டிக் காரை எடுத்தேன். பின் சீட்டில் துண்டு இல்லை. மீட்டரைக் குறித்துக்கொண்டு வாசலிலிருந்து கிளம்பி விலக்கு வழியாக மெயின் ரோட்டுக்கு வந்து பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினேன். முள் நடுங்காமல் நின்றது. வேகமாகக்கூடப் போகவில்லை, இருபத்தேழு நிமிடம். வாசலில் நிறுத்திவிட்டு நம்பரைப் பார்த்தேன். இருபத்து இரண்டு கிலோமீட்டர். இதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அன்றைக்கு நட்டைக் கழற்றியிருந்தால் இந்த இருபத்து இரண்டு முதலாளியின் மீட்டரில் ஏறியிருக்காது. கழற்றாததாலும் ஏறவில்லை, அப்பு. வண்டி வாசலிலேயே நின்றது.

அப்பா